கூடு மாறிய குஞ்சுகளுக்குக் கழிச்சல் ஏன்?

(வானொலி உரையின் எழுத்து வடிவம்)



வாங்கி வந்த குஞ்சை விளக்கு வெளிச்சத்தில், காற்றுப் படாமல், தவிட்டு நிறத் தீவனம் போட்டு நாலு வாரம் காப்பாற்றி விடுகிறோம். இறக்கை முளைத்து, எகிறிக் குதித்து, புரூடர் தடுப்பைத் தாண்டுகிற அளவுக்கு வந்ததும், “இனிமேல் பயமில்லை” என்று வெளிக் கூட்டுக்கு மாற்றுகிறோம். பார்த்தீர்களானால், அந்த வாரத்தில்தான் பல வீடுகளில் குஞ்சு கழிய ஆரம்பிக்கிறது. சில வீடுகளில் இரண்டு நாளில் தானாக நின்று விடுகிறது. சில வீடுகளில் கூடை கூடையாக அள்ளிப் புதைக்க வேண்டி வருகிறது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் தொடங்கும். இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் வேளாண்மைக்காரன், கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால் கிராமத்தில் நெல்லுக்கு யோசனை கேட்கிறவர்கள் கோழிக்கும் நம்மிடம்தானே கேட்கிறார்கள். கொடுமுடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு அம்மா ஐம்பது குஞ்சு வாங்கி, நாற்பத்தெட்டை நன்றாகவே வளர்த்திருந்தார். ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்து கொண்டிருந்த சமயம். இருபத்தெட்டாம் நாள் குஞ்சுகளைத் தோட்டத்துக் கூட்டுக்கு மாற்றியிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் கைபேசியில் கூப்பிட்டார்.

“ஏனுங்க சார், குஞ்சுகளுக்குத் தண்ணியாட்டம் போவுதுங்க. மருந்து ஏதாச்சும் தரோணுங்களா?”

ரத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஓடியாடித் தின்கிறதா என்றேன். தின்கிறது என்றார். “இடம் மாறினதால் வந்த கழிச்சல்தான் அம்மா, இரண்டு மூன்று நாளில் சரியாகி விடும்” என்று சொல்லி வைத்து விட்டேன்.

நான் சொன்னதில் அன்றைக்குப் பிழை இல்லை. மூன்றாம் நாள் அது இடம் மாறின கழிச்சலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால், ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்ன பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மா ஐந்தாம் நாள் எச்சத்தில் சிவப்பாகப் பார்த்திருக்கிறார். “சார்தான் சரியாயிரும்னு சொன்னாருங்களே” என்று காத்திருந்திருக்கிறார். ஆறாம் நாள் காலையில் மூன்று குஞ்சு செத்துக் கிடந்தன. மறுநாள் ஏழு. நான் போய்ச் சேர்ந்து, செத்த குஞ்சு இரண்டை எடுத்துக் கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடி, மருந்து வந்து சேர்வதற்குள் மொத்தம் பத்தொன்பது போய் விட்டன. முட்டை விற்றுப் பிள்ளையின் படிப்புச் செலவைப் பார்க்கலாம் என்று இருந்தவர் அவர்.

மருந்தகத்தில் டாக்டர் குஞ்சின் வயிற்றைக் கீறிக் காட்டினார். கோழிக்குச் சிறுகுடல் முடிகிற இடத்தில் இரண்டு வால் மாதிரி குடல் பிரிந்து நிற்கும். குருட்டுக் குடல் என்று பெயர். அந்த இரண்டும் விரல் தடிமனுக்கு வீங்கி, கறுஞ்சிவப்பாக, உள்ளே கட்டியும் குழம்புமாக ரத்தம் அடைத்திருந்தது. ரத்தக் கழிச்சல். காக்சிடியோசிஸ் என்று பண்ணைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். கழிச்சலைப் பார்ப்பதற்கு முன்னால் கழிச்சல் இல்லாத எச்சம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். இதை நாம் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. நல்ல எச்சம் பழுப்பாகவோ சற்றுப் பச்சை கலந்தோ உருண்டு திரண்டு, மேலே வெள்ளையாகத் தொப்பி போட்டது போல இருக்கும். அந்த வெள்ளை கழிச்சல் அல்ல. அது கோழியின் சிறுநீர். கோழிக்கு மூத்திரம் தனியாகப் போகாது, எச்சத்தோடு வெள்ளைப் பசையாகவே வெளிவரும். இது ஒன்று. இன்னொன்று, எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒரு தடவை, சாக்லேட் நிறத்தில், பசை மாதிரி, குடலைப் பிடுங்குகிற நாற்றத்தோடு ஒன்று போகும். அது குருட்டுக் குடலிலிருந்து வருவது. அது நோயே அல்ல. அது போகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இதைப் பார்த்துப் பயந்து மருந்து வாங்க ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, கூடு மாறினதும் ஏன் கழிகிறது?

குஞ்சுக்கு அன்றைக்கு என்னென்ன மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சூடு மாறுகிறது. முதல் வாரம் புரூடரில் 95 டிகிரி பாரன்ஹீட் வைத்து, வாரத்துக்கு 5 டிகிரி குறைத்து வந்தால் நாலாம் வாரம் 80 டிகிரியில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை இரவில் மழைக் காற்றோடு வெளியே 70 டிகிரிக்கும் இறங்கி விடும். ஒரே ராத்திரியில் பத்து டிகிரி! குளிரில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெரிந்து நிற்கும் குஞ்சு சரியாகத் தின்னாது, தின்றது செரிக்காது. அடுத்தது தண்ணீர். வெயில் காலத்தில் மாற்றினால் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். அதிகம் குடித்தால் எச்சம் தண்ணீராகத்தான் போகும். பிறகு இந்தப் புல், புழு, பூச்சி, மண். பிறந்ததிலிருந்து ஒரே மாவுத் தீவனத்தைத் தின்றே பழகிய குடலுக்கு இதெல்லாம் புதுசு. வெளியே விட்ட முதல் நாள் பச்சையாகவும் தண்ணீராகவும் போவது பெரும்பாலும் புல் தின்றதுதான்.

இந்த வகைக் கழிச்சலுக்கு அடையாளம் சொல்கிறேன். மாற்றிய முதல் நாள் முதல் மூன்றாம் நாளுக்குள் வரும். குஞ்சு சுறுசுறுப்பாகவே இருக்கும். கூப்பிட்டால் ஓடி வரும். தீனிப்பை சாயங்காலம் நிறைந்து, விடிகாலையில் காலியாக இருக்கும். எச்சத்தில் ரத்தம் இருக்காது. இதற்கு மருந்து வேண்டியதில்லை. பழைய தீவனம், சுத்தமான தண்ணீர், ராத்திரிக்குக் கதகதப்பு, அவ்வளவுதான். ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மெல்லத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி விடுங்கள். பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வந்து விடும்.

தீனிப்பை என்றேன். கழுத்துக்கு அடியில் மார்பில் பந்து மாதிரி தடவினால் தெரியும். காலையில் தீனி போடுவதற்கு முன் நாலைந்து குஞ்சைப் பிடித்துத் தடவிப் பாருங்கள். விடிகாலையிலும் கல் மாதிரி கெட்டியாக இருந்தால் நீளமான புல்லோ சாக்கு நாரோ தின்று அடைத்துக் கொண்டது என்று அர்த்தம். கொழகொழவென்று இருந்து வாயில் புளித்த நாற்றம் வந்தால் உள்ளே தீனி கெட்டு விட்டது. வெளிக் கூட்டைச் சுற்றிப் புல்லைக் குட்டையாக வெட்டி விடுங்கள். பாலித்தீன் துண்டு, தெர்மோகோல் பொடி, சணல் நூல் எல்லாம் பொறுக்கி விடுங்கள். முழுத் தானியமும் புல்லும் தின்ன ஆரம்பித்த குஞ்சுக்குப் பருமணல் ஒரு தட்டில் வைக்க வேண்டும். கோழிக்குப் பல் கிடையாது. அரைக்கிற கல் வெளியிலிருந்துதான் போக வேண்டும்.

இப்போது ரத்தக் கழிச்சலுக்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள்.

இதை உண்டாக்குவது ஐமீரியா என்கிற, ஒற்றைச் செல் கொண்ட ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. கோழியைப் பிடிப்பதில் ஏழு வகை உண்டு. குருட்டுக் குடலில் ரத்தம் கொட்ட வைக்கிறது அதில் ஒன்று. நோய் கண்ட கோழியின் எச்சத்தில் இதன் முட்டை போன்ற உறை வெளிவரும். வெளிவந்த உடனே அதைத் தின்றால் ஒன்றும் ஆகாது. அது முற்ற வேண்டும். முற்றுவதற்கு மூன்று விஷயம் தேவை. காற்று, இதமான சூடு, ஈரம். நம் ஊரில் காற்றும் சூடும் எப்போதும் உண்டு. ஈரத்தை மட்டும் நாம் கொடுக்கிறோம், தண்ணீர்த் தட்டைச் சுற்றிச் சிந்த விட்டும் கூரை ஒழுக விட்டும். ஈரம் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றி விடும். குஞ்சு கிளறிப் பொறுக்கும்போது அது உள்ளே போகிறது. குடல் சுவரைத் துளைத்து உள்ளே புகுந்து, ஒன்று பலவாகி, அந்தச் செல்லை உடைத்துக் கொண்டு வெளியே வந்து, அடுத்த செல்லுக்குள் புகும். தின்ற நாலாம் நாள், ஐந்தாம் நாள் குடல் சுவர் ஒரேயடியாகக் கிழிகிறது. அப்போதுதான் ரத்தம். ஐந்தாம் ஆறாம் நாள் சாவு. ஏழாம் நாள் பிழைத்த குஞ்சின் எச்சத்தில் ஆயிரக்கணக்கில் புதிய உறைகள் வெளியே வருகின்றன.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக் கொண்டு அந்த அம்மா வீட்டுக் கூட்டுக்குத் திரும்பிப் போவோம். அந்தக் கூட்டில் முந்தின மாதம் வரை பெரிய கோழிகள் அடைந்திருந்தன. கூட்டைப் பெருக்கி, ஃபினாயில் தெளித்துத்தான் குஞ்சை விட்டிருக்கிறார். ஃபினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் இந்த உறை அசையாது. நல்ல வெயிலும் உலர்ச்சியும் நெருப்புச் சூடும்தான் அதைக் கொல்லும். மழைக் காலத்தில் வெயில் எங்கே? தரையில் முற்றிய உறைகள் காத்துக் கொண்டிருந்தன. குஞ்சு போன அன்றைக்கே தின்றிருக்கிறது. ஐந்தாம் நாள் ரத்தம். கணக்கு பிசகவில்லை.

பெரிய கோழிகள் ஏன் சாகவில்லை என்று கேட்பீர்கள். அவை சிறுவயதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தாங்கும் சக்தி பெற்றவை. நோய் வெளியே தெரியாது, ஆனால் எச்சத்தில் விதைத்துக் கொண்டிருக்கும். மூன்று வாரம் முதல் எட்டு வாரம் வரையுள்ள குஞ்சுக்குத்தான் ஆபத்து அதிகம். நாம் கூடு மாற்றுவதும் அதே வயதில்தான்.

“எங்க பாட்டி காலத்தில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்த்தாங்களே, அப்ப எந்த மருந்து இருந்தது?” என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தாய்க்கோழி முதல் நாளிலிருந்தே குஞ்சை மண்ணுக்குக் கூட்டிப் போகிறது. பத்துக் குஞ்சு, பெரிய வாசல், ஒரே இடத்தில் எச்சம் குவிவதில்லை. தினமும் ஒன்றிரண்டு உறை வயிற்றுக்குள் போய், நோய் வராமலே எதிர்ப்பு சக்தி வளர்ந்து விடுகிறது. குளிரினால் இறக்கைக்குள் ஒளித்துக் கொள்கிறது. எந்திரத்தில் பொரித்து, விளக்கில் வளர்த்து, நாலாம் வாரம் ஐம்பதை ஒரே கூட்டில் தள்ளினால் இந்தப் பழக்கம் எதுவும் இல்லாமல் குஞ்சு போய் நிற்கிறது. பாட்டி காலத்திலும் குஞ்சு செத்தது, கணக்கு வைக்கவில்லை என்பதும் உண்மை!

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. கடையில் மூட்டையாக வாங்குகிற குஞ்சுத் தீவனம் பலவற்றில் இந்த ஒட்டுண்ணியை அடக்கி வைக்கிற மருந்து சிறிய அளவில் கலந்திருக்கும். மூட்டையில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படித்தால் தெரியும், தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். அந்த அம்மா என்ன செய்தார்? மூட்டைத் தீவனம் விலை கூடுதல் என்று, கூடு மாற்றிய அன்றைக்கே கம்பும் குருணையும் தவிடும் போட ஆரம்பித்து விட்டார். பழைய இடம், பழைய சூடு, பழைய தீவனம், அதிலிருந்த காவல் மருந்து, நாலும் ஒரே நாளில் போயிற்று. குறை சொல்லவில்லை, முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். வெளியே விட்டால் தீவனச் செலவு குறையும் என்றுதானே மாற்றுகிறோம்!

ஆகையால் நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது, இடத்தை மாற்றுகிற வாரத்தில் தீவனத்தை மாற்றாதீர்கள். எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனமே முக்கிய ஆகாரமாக இருக்கட்டும். வளர்கிற வயதில் கம்பும் குருணையும் மட்டும் போதாது, புரதம் பற்றாது. கூடு மாறி ஒரு வாரம் கழிந்த பிறகு சாயங்காலம் கைப்பிடி தானியம் தூவிப் பழக்குங்கள். பிறகு முக்கால் பங்கு பழசு, கால் பங்கு புதுசு என்று கலந்து, பாதிக்குப் பாதியாக்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழுசாக மாற்றலாம். வீட்டிலேயே தீவனம் கலக்கிறவர்கள் கருவாட்டுத் தூள் சேர்க்கும்போது உப்புக் கருவாட்டைச் சேர்க்காதீர்கள். உப்பு அதிகமானால் குஞ்சு ஓயாமல் தண்ணீர் குடித்து, தண்ணீராகவே கழிந்து, செத்தும் போகும். ஊறுகாய், ஓட்டல் மிச்சம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு அதைவிட மோசம். ஈரலையே கெடுத்து விடும்.

கூட்டை எப்படித் தயார் செய்வது? மண் தரையானால் மேல் மண் இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, தோட்டத்தில் கோழி மேயாத இடத்தில் கொட்டி விட்டு, புது மண் போட்டுக் கெட்டியாக்கி நல்ல வெயிலில் காய விடுங்கள். சிமெண்டுத் தரையானால் சோடா உப்புப் போட்ட கொதிநீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய வைத்து, முடிந்தால் தீ காட்டலாம், கூரை ஓலையாக இருந்தால் அந்தச் சாகசம் வேண்டாம். சுற்றிலும் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தரையை உயர்த்த வேண்டும். நெல் உமி இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். ஒரு பிடி அள்ளி அமுக்கிக் கையைத் திறந்தால் உதிர்ந்து விட வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். எட்டு வாரம் வரை ஒரு குஞ்சுக்கு ஒரு சதுர அடி இடம் இருக்கட்டும்.

தண்ணீர்த் தட்டு வைக்கிற இடம்தான் நோய்க்கு வாசல். தட்டைத் தரையில் வைக்காதீர்கள். செங்கல் வைத்து, அதன் மேல் கம்பி வலை அடித்த சட்டம் வைத்து, அதற்கு மேல் தட்டை வையுங்கள். தண்ணீர் வாய் குஞ்சின் முதுகு உயரத்துக்கு இருந்தால் சிந்துவது குறையும், காலை விட்டு எச்சமும் போடாது. ஈரமான உமியைத் தினமும் அள்ளி வெளியே போட்டு உலர்ந்ததைப் போடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பல் இல்லாமல் செய்கிற வீட்டில் பாதி நோய் கிடையாது என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஈரமில்லாத தரையிலும் கொஞ்சம் உறை இருக்கத்தான் செய்யும். அந்தக் கொஞ்சம் நல்லது, அதுதான் எதிர்ப்பு சக்தியை வளர்க்கும். வெள்ளமாகப் போவதுதான் கொல்கிறது.

மாற்றுவதைக் காலையில், மழை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பகலில் தீனி எங்கே, தண்ணீர் எங்கே, ஒதுங்குவது எங்கே என்று பார்த்துப் பழகிக் கொள்ளும். சாயங்காலம் கொண்டு போய் விட்டால் தண்ணீர் இருக்கிற இடம் தெரியாமலே இரவு கழியும். முதல் நாலைந்து ராத்திரி ஒரு மூலையில் பல்பு எரியட்டும், காற்று அடிக்கிற பக்கம் சாக்குத் தொங்க விடுங்கள். ஆனால் நாலு பக்கமும் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே ஈரம் கட்டும். முதலில் குஞ்சுக்குத் தண்ணீர் தீனி வைத்து விட்டு, பிறகு பெரிய கோழிக் கூட்டுக்குப் போங்கள். தலைகீழாகச் செய்தால் செருப்பிலேயே நோயைக் கொண்டு வருவீர்கள்.

இத்தனையும் செய்தாலும் நோய் வரலாம். மாற்றிய நாலாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை தினமும் விடிகாலையில் எச்சத்தைப் பாருங்கள். தரை சுத்தமாக இருந்து, குஞ்சே கொண்டு வந்த நோயாக இருந்தால் அது பெருக ஒரு சுற்று ஆகி, இரண்டாம் வாரம் மூன்றாம் வாரத்திலும் தலைகாட்டலாம். ராத்திரி அடைகிற இடத்தில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் காலையில் நிறம் பளிச்சென்று தெரியும். சிவப்பு, காவி நிறம், ரத்தக் கட்டி, இதில் எதைப் பார்த்தாலும் சரி, குஞ்சு இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, கண் மூடி மூலையில் நின்றாலும் சரி, கொண்டை வெளுத்தாலும் சரி, அன்றைக்கே மருந்து கொடுக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இந்த நோயில் கிடையாது. ஒன்று செத்திருந்தால் அதை எறியாமல் பையில் போட்டு மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். கீறிப் பார்த்தால் டாக்டருக்கு ஐந்து நிமிஷ வேலை.

வழக்கமாகக் கொடுப்பது ஆம்ப்ரோலியம். இருபது சதவீதத் தூள் என்றால் 25 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம், அதாவது 5 லிட்டருக்கு 6 கிராம். நாலைந்து வாரக் குஞ்சு ஐம்பதுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் ஆகும். வெயில் நாளில் கூடும். தினமும் புதிதாகக் கலந்து ஐந்து நாள் கொடுக்க வேண்டும். பிறகு குறைந்த அளவில் ஒன்றிரண்டு வாரம் தொடரச் சொல்வார்கள். அதை டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். கூட்டில் வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, வெளியே குட்டையில் குடிக்கவும் விடக் கூடாது. தீவனத்தில் கலக்காமல் ஏன் தண்ணீரில் என்றால், நோய்ப்பட்ட குஞ்சு தீனியை விட்டு விடும், தண்ணீரை விடாது. மிகவும் சோர்ந்ததைத் தனியே பிரித்து, அலகை மருந்துத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் குடிக்க வைக்க வேண்டும். எல்லாக் குஞ்சுக்கும் கொடுக்க வேண்டும், கழிகிறதுக்கு மட்டும் என்று இல்லை.

இதில் ஒரு நுணுக்கம். ஆம்ப்ரோலியம் பார்ப்பதற்கு பி1 வைட்டமின் மாதிரியே இருந்து ஒட்டுண்ணியை ஏமாற்றுகிற மருந்து. ஒட்டுண்ணி அதை வைட்டமின் என்று நினைத்து எடுத்துக் கொண்டு பட்டினி கிடக்கிறது. நாமோ குஞ்சு சோர்ந்து விட்டதே என்று அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் ஊற்றினால் ஒட்டுண்ணிக்கு நல்ல விருந்து! டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள். டோல்ட்ராசுரில் என்று இரண்டு நாள் மட்டும் கொடுக்கிற திரவ மருந்தும் உண்டு, அதையும் டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்குங்கள்.

வீட்டில் மனிதருக்கு வாங்கி மிச்சமான டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பொடித்துப் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது இந்த ஒட்டுண்ணியைக் கொல்லாது. கண்ட கண்ட ஆன்டிபயாடிக்கைக் கோழிக்குப் போட்டுப் போட்டு, மனிதருக்கு நோய் வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகிறது என்பதால்தான் 2019இல் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு தடை செய்தது. சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுக்கிற வழக்கத்தையும் கேட்பார்கள். சாதாரண வயிற்றுக் கோளாறுக்குக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ரத்தத்தைக் கண்ட பிறகு அதை நம்பி இரண்டு நாள் ஓட்டாதீர்கள்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயையும் ஒரு வார்த்தை சொல்லி விட வேண்டும். வெளியே வந்த குஞ்சுக்கு ஊர்க் கோழிகளிடமிருந்து அதுவும் வரலாம். எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போகும். மூச்சு இழுக்கும், வாயைத் திறந்து திறந்து மூடும், சிலது கழுத்தைத் திருகிக் கொண்டு நிற்கும். இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். முதல் வாரத்தில் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து, நாலாம் வார வாக்கில் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரத்தில் ஊசி. அந்த ஊசி வீரியமானது. எட்டு வாரத்துக்கு முன்னால் போடக் கூடாது. கூடு மாற்றுகிற நாளிலும், குஞ்சு கழிந்து கொண்டிருக்கும்போதும் எந்தத் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டாம். ஒரு வாரம் முன்போ பின்போ வைத்துக் கொள்ளுங்கள்.

ரத்தக் கழிச்சல் மனிதருக்கு ஒட்டுமா என்று பயப்பட வேண்டியதில்லை. கோழியின் ஐமீரியா கோழிக்கு மட்டும்தான், வாத்துக்கோ ஆட்டுக்கோ கூடப் போகாது. ஆனாலும் கோழி எச்சத்தில் வேறு கிருமிகள் உண்டு. குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. செத்ததை நாய் இழுக்காத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து விடுங்கள்.

அந்த அம்மாவுக்கு இருபத்தொன்பது குஞ்சு மிஞ்சியது. அதில் சில கடைசி வரை தேறாமல் சவலையாகவே நின்றன. குடல் ஒரு தடவை புண்ணாகிப் போனால் அப்படித்தான். தை மாதம் மறுபடி ஐம்பது வாங்கினார். இந்தத் தடவை ஐந்தாம் வாரம் முடிந்து, வெயில் வந்த நாளாகப் பார்த்து மாற்றினார். தண்ணீர்த் தட்டுக்குக் கம்பிச் சட்டம் அவர் பிள்ளை செய்து கொடுத்தான். ஆறாம் நாள் காலை ஐந்தரை மணிக்கே கைபேசி அடித்தது.

“சார், பேப்பர்ல ஒன்னு மட்டும் கறுப்பா, பசையாட்டம் கெடக்குதுங்க. நாத்தம் தாங்கலைங்க.”

“மத்ததெல்லாம் எப்படி இருக்கிறது அம்மா?”

“மத்ததெல்லாம் உருண்டையாத்தானுங்க இருக்குது.”

“தண்ணீர் தொட்டுக் கலைத்துப் பாருங்கள், சிவப்பு தெரிகிறதா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “இல்லைங்க, காப்பி நெறந்தானுங்க” என்றார். குருட்டுக் குடல் எச்சம்தான் அது. அப்படியே இருக்கட்டும், பேப்பரை மட்டும் மாற்றி வையுங்கள் என்று சொல்லி விட்டு, நாலு நாள் கழித்து நானே ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டேன்.